பிணம் விழாத கொலைகள்: ‘பஃபி’ தொடரில் கொல்லும் உரிமையும் ஆன்மா என்னும் விதியும்

1. கேள்வி

‘பஃபி த வாம்பயர் ஸ்லேயர்’ தொலைக்காட்சித் தொடரில் கொல்லப்படும் இரத்தக்காட்டேரிக்குப் பிணம் கிடையாது. முளைக்குச்சி நெஞ்சில் இறங்கிய கணமே உடல் தூளாகச் சிதறுகிறது. உடுத்திய சட்டையும் காலணியும் கூடவே தூளாகின்றன. புதைக்கவும் ஒன்றுமில்லை, விசாரிக்கவும் ஒன்றுமில்லை. வேட்டைக்காரியான பஃபி சம்மர்ஸ் என்ற பள்ளி மாணவி மேலங்கியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பாடம் படிக்கலாம். கொல்லப்படுவதற்குச் சற்று முன் அந்த உருவத்தின் நெற்றி புடைத்து, கண் மஞ்சளித்து, மிருகமுகம் வெளிப்பட்டுவிடும். இந்த இரண்டு ஏற்பாடுகளுக்கும் படைப்பாளி ஜாஸ் வீடன் சொன்ன காரணங்கள் எளியவை. ஒரு பள்ளிப்பெண் வாரந்தோறும் மனிதர்களைக் குத்திக் கொல்வதுபோலத் திரையில் தோன்றக் கூடாது. பிணங்களை அப்புறப்படுத்துவதில் கதை நேரம் வீணாகவும் கூடாது.

காட்சி உத்தியாகத் தொடங்கிய இது நாளடைவில் தொடரின் அறச்சட்டமாகவே ஆகிவிட்டது. இரத்தக்காட்டேரிக்கு ஆன்மா இல்லை. ஆகவே அதைக் கொல்வது கொலையாகாது. மனிதருக்கு ஆன்மா உண்டு. ஆகவே அவர் எத்தனை கொடியவராயினும் வேட்டைக்காரி அவரைத் தொடக் கூடாது. 1992இல் வெளிவந்த திரைப்படத்தில் பெரிதும் கேலியாகக் கையாளப்பட்ட கரு, 1997 மார்ச் 10 அன்று டபிள்யூபி அலைவரிசையில் தொடராகத் தொடங்கியது. கடைசி இரண்டு பருவங்கள் யுபிஎன் அலைவரிசையில் ஒளிபரப்பாயின. 2003 மே 20 அன்று 144ஆம் அத்தியாயத்தோடு தொடர் முடிந்தது. இந்த ஏழு பருவங்களில் மேற்சொன்ன விதி எங்கே செல்லுபடியாகிறது, எங்கே செல்லாமல் போகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஆன்மா என்ற விதி வேட்டைக்காரியின் கையில் கொடுக்கப்பட்ட ஓர் அனுமதிச் சீட்டு என்பது என் வாதம். யாரைக் கொல்லலாம் என்பதைத் திரையில் தீர்மானிப்பது, யாருக்குப் பேச நேரம் கிடைக்கிறது என்பதே. தொடருக்கு இது தெரியும். தெரிந்ததைக் கடைசிவரை எடுத்துச்செல்ல அது துணியவில்லை.

2. முன்னோர்

இரத்தக்காட்டேரி வேட்டை ஐரோப்பாவில் புனைகதையாவதற்கு முன் கிராமத்து நிர்வாக விவகாரமாக இருந்தது. 1725இல் செர்பியாவின் கிசிலோவா ஊரிலும், 1732 தொடக்கத்தில் மெட்வெஜா ஊரிலும் ஹாப்ஸ்பர்க் அதிகாரிகளின் பார்வையில் சவக்குழிகள் தோண்டப்பட்டன. மெட்வெஜா நிகழ்வில் இராணுவ மருத்துவர் யோஹான் ஃப்ளூக்கிங்கர் எழுதிய அறிக்கை ஐரோப்பா முழுவதும் வாசிக்கப்பட்டது. 1755இல் மரியா தெரேசா தம் மருத்துவர் ஜெரார்ட் ஃபான் ஸ்வீட்டனின் ஆய்வை ஏற்று இப்பழக்கத்துக்குத் தடை விதித்தார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐயத்துக்கு ஆளான ஒவ்வொரு பிணமும் ஊரார் பெயர் சொல்லி அறிந்த அண்டை வீட்டாரின் பிணம். குழியைத் திறந்து பார்த்த பிறகே அப்பிணங்கள் அழிக்கப்பட்டன; நடந்தவை எழுதிப் பதிவுசெய்யப்பட்டன. மூடநம்பிக்கைதான், ஆனாலும் அங்கே ஏதோ ஒரு விசாரணை இருந்தது.

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) அந்த விசாரணையை அகற்றிவிட்டு அதனிடத்தில் இரக்கத்தை வைக்கிறது. லூசியின் நெஞ்சில் முளையை அடிப்பவன் அவளை மணக்கவிருந்த ஆர்தர். பக்கத்தில் ஃபான் ஹெல்சிங் பிரார்த்தனை வாசிக்கிறார். அடி முடிந்ததும் அவள் முகத்துக்குப் பழைய இனிமை திரும்புகிறது. நாவலின் முடிவில் டிராகுலாவும் தூளாகிறான். அதற்கு முந்தைய கணத்தில் அவன் முகத்திலும் ஓர் அமைதியை மீனா காண்கிறாள். ஸ்டோக்கரின் உலகில் ஆன்மா உடலுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறது; கொலை அதை விடுவிக்கிறது. பஃபியின் உலகில் ஆன்மா ஏற்கெனவே வெளியேறிவிட்டது. விடுவிக்க அங்கே ஒருவரும் இல்லை. அதனால்தான் சாகும் முகத்தைக் காட்ட வேண்டிய தேவையும் அற்றுப்போகிறது.

இவ்விரண்டுக்கும் நடுவில் வந்த ரிச்சர்ட் மாத்திசனின் ‘ஐ ஆம் லெஜண்ட்’ (1954) நாவலை வேட்டைக் கதைகளின் மனசாட்சி எனலாம். பகலெல்லாம் வீடுவீடாகப் போய்க் கொன்றுவந்த ராபர்ட் நெவில், தான் கொன்றவர்களில் நோயோடு வாழக் கற்றுப் புதிய சமூகம் அமைத்துக்கொண்டிருந்தவர்களும் உண்டென்று கடைசியில் அறிகிறான். அவர்களுக்கு அவன்தான் பூதம். மாத்திசன் எழுப்பிய இந்தக் கேள்வியை ‘பஃபி’ பலமுறை நெருங்கி வந்து, ஒவ்வொரு முறையும் ஓரமாக விலகிப்போகிறது.

3. ஆய்வுகள் சொன்னவை

‘பஃபி’யைப் பற்றி எழுதப்பட்டவை ஒரு தனித்துறை அளவுக்குப் பெருகிவிட்டன. ரோண்டா வில்காக்ஸும் டேவிட் லாவரியும் 2001இல் இதற்கென்றே ‘ஸ்லேயேஜ்’ என்னும் ஆய்விதழைத் தொடங்கினர். 2003இல் ஜேம்ஸ் சவுத் தொகுத்த தத்துவக் கட்டுரைத் தொகுதி வந்தது; 2005இல் வில்காக்ஸின் ‘ஒய் பஃபி மேட்டர்ஸ்’ வந்தது. பெரும்பாலான வாசிப்புகளுக்கு அடித்தளம் ஒன்றே: இத்தொடரின் பூதங்கள் உருவகங்கள். பள்ளிக்கூடம் நரகம் என்று மாணவர்கள் புலம்புவார்கள். கதை நடக்கும் சன்னிடேல் ஊரில் பள்ளிக்கூடத்தின் அடியில் மெய்யாகவே நரகத்தின் வாய் இருக்கிறது. யாரும் கவனிக்காத மார்சி என்ற மாணவி கண்ணுக்கே தெரியாதவளாகிவிடுகிறாள். காதலனோடு முதன்முறை உறவுகொண்ட மறுநாள் அவன் வேறு ஆளாகி நிற்கிறான்; விதிவிலக்காக ஆன்மா பெற்றிருந்த இரத்தக்காட்டேரி ஏஞ்சல் அதை இழந்துவிட்டான்.

உருவகத்தைக் கொல்வது அறப்பிரச்சினை ஆகாது என்பது இத்தரப்பின் வலுவான வாதம். முதல் பருவத்துக்கு அது பொருந்தும். ஆனால் உருவகங்கள் ஏழாண்டு சம்பளத்துக்கு நடிக்கும் பாத்திரங்களாகிவிட்டால் அவற்றுக்குக் கடந்தகாலம் முளைக்கிறது, தாய் முளைக்கிறாள், நகைச்சுவை முளைக்கிறது. ஐந்தாம் பருவத்து இரத்தக்காட்டேரி ஸ்பைக் எதற்கு உருவகம் என்று கேட்டால் திருப்தியான விடை இல்லை. அவன் ஸ்பைக், அவ்வளவே.

கென்ட் ஓனோ 2000இல் வெளியான கட்டுரையொன்றில் வேறொரு தடத்தில் சென்றார். கொல்லத்தக்கவர்களாகக் காட்டப்படும் இரத்தக்காட்டேரிகளை வெள்ளை நடுத்தர வர்க்கப் புறநகரின் இனவெறுப்போடு அவர் இணைத்துப் பார்த்தார். இதைப் பற்றிப் பின்னர் பேசுவேன்.

படைப்பாளியின் பெண்ணிய நோக்கத்தை ஆதாரமாகக் கொண்ட வாசிப்புகளும் ஏராளம். 2021 பிப்ரவரியில் கொர்டீலியாவாக நடித்த கரிஸ்மா கார்பென்டர், படப்பிடிப்புத் தளத்தில் வீடன் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று பகிரங்கமாகக் குற்றம்சாட்டிய பின் அந்த ஆதாரத்தைக் கையிலெடுக்கப் பலரும் தயங்குகிறார்கள். வீடன் பிறகு அளித்த நேர்காணலில் தம் தரப்பைச் சொன்னார். நோக்கத்தை விட்டுவிட்டுத் திரையில் நடப்பதை வாசிப்பதே நமக்கு நல்லது.

4. விதியை எழுதியவர்கள்

ஆன்மா பற்றிய விதியை முதலில் சொல்பவர் ரூபர்ட் ஜைல்ஸ்: பள்ளி நூலகர், பஃபியின் கண்காணிப்பாளர். இரண்டாம் அத்தியாயத்தில் பஃபியின் தோழன் ஸாண்டரின் நெருங்கிய நண்பன் ஜெஸ்ஸி இரத்தக்காட்டேரியாக மாறிவிட்டபோது, இனி நீ பார்ப்பது உன் நண்பனை அல்ல, உன் நண்பனைக் கொன்றதை என்ற பொருளில் ஜைல்ஸ் எச்சரிக்கிறார். நடன விடுதிக் கூட்ட நெரிசலில் ஓடும் ஒருத்தி இடித்துவிட, ஸாண்டரின் கையிலிருந்த முளை ஜெஸ்ஸியின் நெஞ்சில் இறங்குகிறது. தூள். அதன்பின் தொடர் முடியும்வரை ஜெஸ்ஸியைப் பற்றி ஏறக்குறைய யாரும் பேசுவதே இல்லை. சிறுவயது முதல் கூடவே திரிந்தவனுக்கு ஒரு நாள் துக்கம்கூடக் கிடையாது. எழுத்தாளர்களின் மறதி என்று இதைத் தள்ளிவிடலாம். எனக்கு என்னவோ விதி கச்சிதமாக வேலை செய்ததன் அடையாளமாகவே இது படுகிறது.

விதியின் மூலம் ஜைல்ஸ் அல்ல. இங்கிலாந்திலிருந்து இயங்கும் கண்காணிப்பாளர் மன்றம். அது எப்படிப்பட்ட நிறுவனம் என்பதை மூன்றாம் பருவத்து ‘ஹெல்ப்லெஸ்’ காட்டுகிறது. வேட்டைக்காரிக்குப் பதினெட்டு வயது நிறையும்போது அவளுக்குத் தெரியாமல் மருந்து செலுத்தி வலுவைக் குறைத்து, கொடிய இரத்தக்காட்டேரி ஒன்றோடு ஒரே வீட்டில் அடைப்பது மன்றத்தின் நெடுநாள் சடங்கு. ஊசியைப் போடுபவர் ஜைல்ஸ். பாதியில் மனம் பொறுக்காமல் உண்மையைச் சொல்லிவிடுகிறார். அவளிடம் தந்தையின் பாசம் வைத்துவிட்டார் என்று மன்றத் தலைவர் க்வென்டின் டிராவர்ஸ் அவரை வேலையிலிருந்து நீக்குகிறார்.

ஐந்தாம் பருவத்தில் மன்றத்தார் மீண்டும் வந்து பஃபியைத் தேர்வு வைத்துச் சோதிக்கிறார்கள். வேட்டைக்காரி இல்லாவிட்டால் உங்களுக்கு வேலையே இல்லை என்று அவள் நிமிர்ந்து சொல்லும் காட்சி ரசிகர்களுக்குப் பிடித்தமானது. அதில் ஒரு சிறு பேரத்தை நாம் கவனிக்கத் தவறுகிறோம். ஜைல்ஸை மீண்டும் சம்பளத்துக்கு எடுக்க வேண்டும் என்கிறாள். நிலுவையோடு என்று ஜைல்ஸ் செருமலோடு சேர்த்துக்கொள்கிறார். தனக்கென்று அவள் ஒரு காசும் கேட்பதில்லை. யாருக்கும் அது தோன்றவும் இல்லை. தாய் ஜாய்ஸ் இறந்த பின், ஆறாம் பருவத்தில், நிலவறையில் குழாய் வெடித்துத் தண்ணீர் நிரம்பும்போது குழாய்க்காரருக்குக் கொடுக்க அவளிடம் பணமில்லை. உலகைப் பலமுறை காப்பாற்றியவள் பர்கர் கடையில் சீருடை மாட்டிக்கொள்கிறாள். விதியை எழுதுபவர்களுக்குச் சம்பளம். அதை நிறைவேற்றும் கைக்குக் கூலி இல்லை. இப்படிப்பட்ட ஏற்பாட்டில், இது கொலையாகாது என்ற வாக்குறுதியே கூலிக்குப் பதிலாகக் கொடுக்கப்படுகிறது என்று நான் வாசிக்கிறேன்.

மன்றத்தின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. ஏழாம் பருவத்து ‘கெட் இட் டன்’ அத்தியாயத்தில் பஃபி ஆதிகாலத்துக்குச் சென்று, முதல் வேட்டைக்காரியை உருவாக்கிய மூன்று ஆண்களைச் சந்திக்கிறாள். அவர்கள் ஒரு பெண்ணைத் தரையோடு சங்கிலியிட்டுப் பிணைத்து, அசுரசக்தியை அவளுக்குள் புகுத்தியிருக்கிறார்கள். பஃபியின் வலு அதுதான். மனித உடல், உள்ளே அசுரம், கூடவே ஆன்மா: இது வேட்டைக்காரியின் வரையறை. ஆன்மா மீண்ட ஏஞ்சலுக்கும் ஸ்பைக்குக்கும் இதே வரையறை வார்த்தை மாறாமல் பொருந்துகிறது. வேட்டையாடுபவளும் வேட்டையாடப்படுபவனும் ஒரே மூலப்பொருளால் ஆனவர்கள் என்று தொடர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட பிறகும் விதி மட்டும் அப்படியே நிற்கிறது.

5. விதி உடையும் இடங்கள்

ஆன்மா இல்லாததால் அன்பும் இல்லை என்ற கருத்து இரண்டாம் பருவத்திலேயே ஆட்டம் கண்டுவிடுகிறது. மனிதத்தன்மை உள்ள எதையும் எரித்துவிடும் ‘ஜட்ஜ்’ என்னும் பழம்பூதம், ஸ்பைக்கிடமும் அவன் காதலியான இரத்தக்காட்டேரி ட்ரூசில்லாவிடமும் காதலும் பொறாமையும் நாறுவதாக முகம் சுளிக்கிறது. கண்ணாடி போட்ட டால்டன் என்ற இரத்தக்காட்டேரியைத் தொட்டுச் சாம்பலாக்குகிறது. அவன் செய்த குற்றம் புத்தகம் படிப்பது. மிக நுட்பமான நகைச்சுவை இது. பூதங்களின் சொந்தச் சோதனைக்கூடமே இரத்தக்காட்டேரிக்குள் மனிதம் இருப்பதாகச் சான்றளித்துவிட்டது. அதன் உட்பொருளைக் காட்சியில் இருக்கும் யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

மூன்றாம் பருவத்து ‘டாப்பல்கேங்லாண்ட்’ இன்னும் துணிச்சலானது. பஃபியின் தோழி வில்லோவின் இரட்டையாக, வேறோர் உலகிலிருந்து இரத்தக்காட்டேரியான வில்லோ ஒருத்தி வந்துசேர்கிறாள். அவளுக்குப் பெண்கள் மேல் நாட்டம் உண்டென்று கண்டு இவ்வுலக வில்லோ திகைக்கிறாள். இரத்தக்காட்டேரியின் குணத்துக்கும் அது முன்பு இருந்த மனிதருக்கும் தொடர்பே இல்லை என்று பஃபி ஆறுதல் சொல்கிறாள். பக்கத்தில் நிற்கும் ஏஞ்சல் மறுத்துப் பேச வாயெடுத்து, சூழ்நிலை உணர்ந்து விழுங்கிவிடுகிறான். அடுத்த பருவத்தில் வில்லோ டாரா என்ற பெண்ணைக் காதலிக்கிறாள். ஏஞ்சல் விழுங்கிய வாக்கியம் முடிந்திருந்தால் அதுவரை தூளான அனைவரின் கணக்கையும் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும்; ஆகவே அது முடியக் கூடாது. தன் இரட்டையைக் கொல்ல வேண்டாமென்று வில்லோ கெஞ்சுகிறாள், பஃபியும் இணங்குகிறாள். தெரிந்த முகம் என்பதைத் தவிர இந்த விதிவிலக்குக்கு வேறு காரணம் இல்லை.

ஸ்பைக்கின் வழக்கு இவற்றின் உச்சம். 1880இல் லண்டனில் ஏளனத்துக்கு ஆளான சுமார் கவிஞன் வில்லியம், ட்ரூசில்லாவால் மாற்றப்பட்டு ஸ்பைக் ஆகிறான். நான்காம் பருவத்தில் இராணுவ ஆய்வுக்கூடம் ஒன்று அவன் மூளையில் சில்லு பொருத்துகிறது. மனிதரை அடித்தால் அவனுக்கே தலை வெடிக்கும். பல்லைப் பிடுங்கிய பாம்பாகிவிட்டவனை பஃபி கொல்வதில்லை. கவனியுங்கள்: ஆன்மா இல்லை, ஆனாலும் கொல்லவில்லை. ஐந்தாம் பருவத்தில் குளோரி என்னும் தெய்வம் சித்திரவதை செய்தபோதும் பஃபியின் தங்கை டானைக் காட்டிக்கொடுக்காமல் அடிபடுகிறான். பஃபி இறந்து, மீண்டும் உயிர்பெறும்வரையிலான மாதங்களில் அவள் நண்பர்களோடு சேர்ந்து ஊரைக் காக்கிறான். இந்தத் தியாகங்களுக்கு ஆன்மா தேவைப்படவில்லை. விதியை மீட்க எழுத்தாளர்கள் கையாண்ட வழி கொடூரமானது: ‘சீயிங் ரெட்’ அத்தியாயத்தில் அவன் பஃபியை வன்புணர முயல்கிறான், அதன்பின் ஆன்மாவைத் தேடி ஆப்பிரிக்கா போகிறான். அக்காட்சி பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே பருவத்தில் வாரன் என்ற மனிதன் தன் முன்னாள் காதலியை மாயத்தால் வசப்படுத்தி, அவள் தெளிந்து எதிர்த்தபோது கொன்றுவிடுகிறான். அவனுக்கு ஆன்மா இருந்தது. அது அவனைத் தடுக்கவுமில்லை, இல்லாதிருப்பது ஸ்பைக்கை அன்பிலிருந்து தடுக்கவுமில்லை.

மறுபக்கத்தில், மனிதரைத் தொடக் கூடாது என்ற பாதியும் இதேபோல நைந்துபோகிறது. மூன்றாம் பருவத்தில் இரண்டாவது வேட்டைக்காரி ஃபெய்த், இருட்டுச் சந்துச் சண்டை வேகத்தில் துணை மேயர் ஃபின்ச்சைத் தவறுதலாகக் குத்திவிடுகிறாள். பிணம் விழுகிறது, தூளாகவில்லை; தொடரின் அறநடுக்கம் முழுவதும் அந்த ஓர் உடலில் வந்து இறங்குகிறது. அதே பருவத்தின் முடிவில் நஞ்சேறிய ஏஞ்சலைக் காப்பாற்ற வேட்டைக்காரியின் இரத்தம் வேண்டும் என்றதும், ஃபெய்த்தைக் கொன்று அவளைக் கொண்டுவரவே பஃபி கிளம்பிப் போகிறாள். இரத்தக்காட்டேரியைப் பிழைக்கவைக்க மனிதப்பெண்ணைக் கத்தியால் குத்துகிறாள் நம் கதாநாயகி. அதற்கு முந்தைய ஆண்டு இறுதியில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறு: ஆன்மா மீண்டு, திகைத்து, அவளை அடையாளம் கண்டுகொண்ட ஏஞ்சலை, உலகம் அழியாதிருக்க அவளே வாளால் குத்தி நரகத்துக்கு அனுப்புகிறாள்.

நூறாவது அத்தியாயமான ‘த கிஃப்ட்’டில் பென் என்ற மனித இளைஞனின் உடலைக் குளோரி பங்கிட்டுக்கொண்டிருக்கிறாள். பென்னை உயிரோடு விட்டால் அவள் மீண்டும் வருவாள். பஃபி அவனைக் கொல்லாமல் நகர்ந்துவிடுகிறாள். ஜைல்ஸ் மண்டியிட்டு அவன் மூக்கையும் வாயையும் நிதானமாகப் பொத்துகிறார். அவள் வீராங்கனை, நாம் அப்படியல்ல என்று பென்னிடம் விளக்கவும் செய்கிறார். பஃபியின் கை சுத்தமாக இருக்கிறது. சுத்தமாக இருப்பதற்கு இன்னொருவர் கை தேவைப்பட்டது. விதியை முதலில் சொன்னவரே அதை மறைவில் மீறுபவராகவும் இருப்பது தற்செயல் என்று நான் கருதவில்லை.

ஏழாம் பருவத்து ‘செல்ஃப்லெஸ்’ இந்த முரணை மேசைமேல் போட்டுப் பேசும் ஒரே அத்தியாயம். பஃபியின் நண்பர் வட்டத்தைச் சேர்ந்த, மீண்டும் பழிவாங்கும் அசுரியாகிவிட்ட அன்யா ஒரு மாணவர் விடுதியில் இளைஞர்களைக் கொன்று குவித்துவிட்டாள். கொல்லக் கிளம்பும் பஃபியை ஸாண்டர் மறிக்கிறான். நமக்கு வேண்டியவர்கள் என்றால் வேறு வழி பார்ப்போமே என்பது அவன் வாதத்தின் சாரம். ஏஞ்சலைக் கொன்றதை அவனுக்கு நினைவூட்டி, இந்த இடத்தில் சட்டம் நானே என்று பஃபி விடைசொல்கிறாள். ஆன்மா என்ற பேச்சே அங்கே எழவில்லை. முடிவில் அன்யா பிழைக்கிறாள். மாண்ட இளைஞர்கள் மீள விலையாக ஹால்ஃப்ரெக் என்ற இன்னொரு பழிவாங்கும் அசுரி எரிக்கப்படுகிறாள். அன்யா கதறுகிறாள். பஃபிக்கோ ஸாண்டருக்கோ ஹால்ஃப்ரெக் யாருமில்லை.

6. ஹோல்டனுக்குக் கிடைத்த இரவு

இந்த வாதத்துக்கு நான் முக்கியமாக நம்பியிருப்பது 2002 நவம்பர் 12 அன்று ஒளிபரப்பான ‘கான்வர்சேஷன்ஸ் வித் டெட் பீப்பிள்’. கல்லறைத் தோட்டத்தில் ஒருவன் குழியைப் பிளந்து எழுகிறான். வழக்கமாக இது அத்தியாயத்தின் முகப்பில் அரை நிமிட வேலை. சண்டை நடுவே அவன் அவளை அடையாளம் கண்டுகொள்கிறான்: பள்ளியில் உடன்படித்த ஹோல்டன் வெப்ஸ்டர். அவளுக்கு அவன் முகம் உடனே நினைவுக்கு வரவில்லை. கல்லூரியில் உளவியல் படித்தவன், நல்ல காதுகொடுப்பவன். அவளுடைய பெற்றோரின் மணமுறிவில் தொடங்கி மெல்ல மெல்லக் கேள்வி கேட்கிறான். ஒரு கட்டத்தில் வேட்டைக்காரி கல்லறை மேல் நீட்டிப் படுத்திருக்கிறாள், இரத்தக்காட்டேரி பக்கத்தில் உட்கார்ந்து மருத்துவர்போலத் தலையாட்டுகிறான். நண்பர்களைவிடத் தான் மேலானவள் என்று தனக்குள் நினைப்பதையும், அப்படி நினைப்பதாலேயே அவர்களின் அன்புக்குத் தகுதியற்றவள் என்று உணர்வதையும் அவள் அவனிடம் சொல்கிறாள். ஆண்டுக்கணக்கில் வில்லோவிடமும் ஸாண்டரிடமும் சொல்ல முடியாததை அறிமுகமற்ற ஒரு பிணத்திடம் சொல்ல முடிகிறது.

அவன் நல்லவனாகிவிட்டான் என்று அத்தியாயம் பசப்பவில்லை. கொல்லப்போவதை நடுநடுவே அவனே சிரித்துக்கொண்டு சொல்கிறான். தீமையோடு இணைந்திருப்பது இன்பமாக இருக்கிறது என்கிறான். ஆனால் அவன் நகைச்சுவை, படிப்பு, பிறர் துயரில் காட்டும் ஆர்வம் எல்லாமே உயிரோடிருந்த ஹோல்டனுக்கு உரியவை. இரண்டாம் அத்தியாயத்தில் ஜைல்ஸ் சொன்னதற்கு இவ்வளவு விரிவான மறுப்பைத் தொடர் வேறெங்கும் எழுதவில்லை. தன்னை மாற்றியது ஸ்பைக் என்று பேச்சுவாக்கில் அவன் சொன்னபின் அவள் முளையை இறக்குகிறாள். வழக்கமான தூள்தான். ஆனால் இம்முறை பார்வையாளர் இழப்பதற்கு ஓர் ஆள் இருந்தான். அவன் எழுந்ததும் கொல்லப்பட்டிருந்தால் இருந்திருக்க மாட்டான். வேறுபாட்டை உண்டாக்கியது ஆன்மா அல்ல, அவனுக்கு ஒதுக்கப்பட்ட காட்சிநேரம்.

7. பேச்சு மறுக்கப்பட்டவர்கள்

பேசும் நேரத்தை அளவுகோலாகக் கொண்டால் ஓனோவின் கேள்வி வேறு இடத்தில் கூர்மை பெறுகிறது. சன்னிடேலின் இரத்தக்காட்டேரிகள் பெரும்பாலும் வெள்ளையர். அவர்களை இன உருவகமாக வாசிப்பது சற்று இழுத்துப்பிடித்த வாசிப்பு. இனம் பற்றிய தொடரின் கோளாறு வேட்டைக்காரிகளிடத்தில் இருக்கிறது. தூளாகாத உடல் கொண்ட அவர்களில் வெள்ளையரல்லாதார் சாவுக்கு வரும்போது துக்கம் சுருங்கிவிடுகிறது. குழந்தையிலேயே கண்காணிப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்ட கெண்ட்ரா, சில அத்தியாயங்களே வந்து, ட்ரூசில்லாவின் நகத்தால் கழுத்தறுபட்டு மறைகிறாள். முதல் வேட்டைக்காரியான ஆப்பிரிக்கப் பெண்ணுக்குக் கனவு அத்தியாயமான ‘ரெஸ்ட்லெஸ்’இல் பெரும்பாலும் சொந்தக் குரல் இல்லை; அவளுக்காக டாரா பேச வேண்டியிருக்கிறது.

‘ஃபூல் ஃபார் லவ்’ (2000) இதை ஒரு காட்சியில் சுருக்கிவிடுகிறது. 1900, சீனாவில் பாக்ஸர் கிளர்ச்சி. ஸ்பைக்கின் கையில் சாகும் சீன வேட்டைக்காரி கடைசி மூச்சில் தன் தாய்க்கு ஒரு செய்தி சொல்கிறாள். தனக்குச் சீனமொழி தெரியாது என்கிறான் ஸ்பைக். அதே அத்தியாயத்தில் 1977, நியூயார்க் பாதாள ரயில்: நிக்கி வுட் என்ற கறுப்பின வேட்டைக்காரியின் கழுத்தை முறித்து, அவள் தோல்கோட்டைக் கழற்றி அணிந்துகொள்கிறான். இரண்டாம் பருவம் முதல் ரசிகர்கள் கொண்டாடிவந்த கோட்டு அதுதான். நிக்கியின் மகன் ராபின் ஏழாம் பருவத்தில் பள்ளி முதல்வராக வந்து பழிதீர்க்க முயன்று அடிவாங்குகிறான். பஃபி ஸ்பைக்கின் பக்கம் நிற்கிறாள். கோட்டு ஸ்பைக்கிடமே இருக்கிறது. ஆன்மா கிடைத்தவன் அதைக் கழற்றித் தரவில்லை என்பது எந்த உரையாடலிலும் உறுத்தலாகக்கூட எழாதது வியப்பு.

8. பகிர்ந்த வலிமையும் தீராத கணக்கும்

இறுதி அத்தியாயமான ‘சோஸன்’, கண்காணிப்பாளர் ஏற்பாட்டையே கவிழ்க்கிறது. ஒரு தலைமுறைக்கு ஒரு வேட்டைக்காரி என்பது அந்த மூன்று ஆண்கள் வகுத்த விதி. வில்லோவின் மந்திரத்தால் உலகெங்கும் அந்தத் தகுதியோடு பிறந்த பெண்கள் அனைவரும் ஒரே கணத்தில் வலிமை பெறுகிறார்கள். அரசியல் கற்பனையாக அது மிக அழகானது. அதைப் பாராட்டாத ஆய்வாளர் அரிது. ஆயினும் யார் கொல்வது என்ற கேள்விக்கே அது விடை. யாரைக் கொல்வது என்பது தொடப்படவில்லை. அந்தப் பெண்களின் சம்மதம் கேட்கப்பட்டதா என்பதும் அப்படியே கிடக்கிறது.

இரண்டையும் சேர்த்து எடுத்தது துணைத் தொடரான ‘ஏஞ்சல்’. 2004 ஜனவரியில் வந்த ‘டேமேஜ்’ அத்தியாயத்தில், சிறுமியாக இருந்தபோது கடத்திச் சித்திரவதை செய்யப்பட்டு மனநல மருத்துவமனையில் வளர்ந்த டானா, சன்னிடேல் மந்திரத்தால் திடீரென்று வலிமை பெறுகிறாள். முந்தைய வேட்டைக்காரிகளின் நினைவுகளும் அவளுக்குள் புகுந்துவிடுகின்றன. ஸ்பைக் கொன்ற சீனப் பெண்ணின் மொழி அவள் வாயில் வருகிறது. நிக்கியின் குழந்தை ஏக்கமும் வருகிறது. தன்னை வதைத்தவன் ஸ்பைக் என்று நம்பி அவன் இரு கைகளையும் அறுத்துவிடுகிறாள். அவளை வதைத்தது அவனில்லை. அப்போது அவனுக்கு ஆன்மாவும் உண்டு. கைகள் தைக்கப்பட்ட பின் மருத்துவமனைப் படுக்கையில் ஸ்பைக் தன்மேல் குற்றமில்லை என்று வாதிடுவதில்லை. இப்படி எத்தனையோ பேருக்குச் செய்தவன்தானே என்கிறான். தாங்கள் இருவரும்கூட ஒரு காலத்தில் அப்பாவிகளாக, பலியானவர்களாக இருந்தவர்கள் என்றும் ஏஞ்சலிடம் சொல்கிறான். ஏஞ்சல் அதை மறுப்பதில்லை. டானாவை அழைத்துப்போக பஃபி தன் ஆட்களை அனுப்பியிருக்கிறாள். ஏஞ்சலை இனி நம்ப முடியாது என்ற செய்தியை அவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பஃபி அந்த அத்தியாயத்தில் தோன்றுவதில்லை.